தங்க வந்தவரிடம் கேட்பது

பருத்தித்துறையில், தும்பளை வீதியில், தெருவின் மேலேயே ஒரு மடத்தைக் கட்டியிருக்கிறார்கள். தெருமூடிமடம் என்று பெயர். இரண்டு பக்கமும் உயர்த்திக் கட்டிய திண்ணைகள், கல்தூண்கள், இரண்டையும் சேர்த்து மேலே ஒரு கூரை. நடுவில் வீதி தன்பாட்டுக்குப் போகிறது. வெயிலில் நடந்து வருகிறவர் மடம் எங்கே என்று விசாரித்து ஒதுங்க வேண்டியதில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே மடத்துக்குள் வந்துவிடுவார். கதவு கிடையாது. யாழ்ப்பாணத்துப் பழைய மடங்களை ஒட்டிக் கேணி இருக்கும். தலைச்சுமையை இன்னொருவர் கைகொடுக்காமலே இறக்கிவைக்கச் சுமைதாங்கி இருக்கும். மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல்லும் நட்டிருப்பார்கள். வழிநடையின் அலுப்பை உடம்பால் அறிந்த யாரோ யோசித்து யோசித்துச் செய்தவை இவை.

தங்குமிடங்களைத் தரம் பிரிக்க இன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஏசி உண்டா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்த்தியா என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் சத்திரம், மடம், பங்களா, லாட்ஜ், ரயில் நிலைய ஓய்வறை, ஹோம்ஸ்டே எல்லாவற்றிலும் கடைசியில் இருப்பது படுக்க ஓர் இடமும் குளிக்கத் தண்ணீரும்தான். வாசலில் கேட்கப்படும் முதல் கேள்விதான் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்கிறது என்று எனக்குப் படுகிறது. உள்ளே விடுவதற்கு முன் நம்மைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது என்பதை வைத்தே ஒரு தங்குமிடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

வீட்டுத் திண்ணை வழிப்போக்கரிடம் எதையும் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதில் பாதிதான் உண்மை. அந்தத் திண்ணையில் வந்து உட்காரும் துணிச்சல் யாருக்கு இருந்தது? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவர்களும், சில தெருக்களில் காலே வைக்க முடியாதவர்களும் அங்கே வந்து படுத்ததில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது தெருமுனையிலேயே கேட்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திருக்கோவலூர் இடைகழியில் மழை இரவொன்றில் முதலாழ்வார்கள் மூவரும் ஒதுங்கிய கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடம் அது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்ததால் இரண்டாமவருக்கு இடம் வந்தது. இருவரும் எழுந்து நின்றதால் மூன்றாமவருக்கு வந்தது. அறை என்ற ஏற்பாட்டில் இது நடக்காது. அறை என்றாலே பூட்டு. நமக்குப் பிறகு வருகிறவருக்கு இடமில்லை என்று சொல்லும் உரிமைக்காகத்தான் வாடகை கொடுக்கிறோம்.

சத்திரத்தின் உள்ளே என்ன நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிக நெருக்கமான சித்திரம் ஒரு கடிதத்தில் இருக்கிறது. 1799 உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்ட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801இல் கம்பெனியின் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். ராமேசுவரம் போகும் சாலையில் தன் முன்னோர் கட்டிய சத்திரங்களும் அவற்றுக்கு விட்ட மானியங்களும் தன் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அதற்காக அங்கே நடப்பவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகி, ஜங்கமர், பைராகி என்று எந்த யாத்திரிகர் வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோற்றை உண்ணாதவருக்கு அரிசியும் மளிகையும் அளந்து கொடுக்கிறார்கள். இது நள்ளிரவு வரை நடக்கிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைக்கிறார்கள்.

அதற்கு அடுத்து வரும் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நோயால் மேற்கொண்டு நடக்க முடியாதவருக்கு மருந்து, வைத்தியர், பத்தியச் சாப்பாடு. கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிக்குச் சத்திரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டால் அந்தச் செலவு சத்திரத்தைச் சேர்ந்தது. பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் வரை அங்கேயே இருக்கலாம். வந்த இடத்தில் பெற்றோரை இழந்து நிற்கும் பிள்ளைகளைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்து, வேளைக்குச் சோறும் எண்ணெய்க் குளியலும் கொடுத்துப் படிக்கவைக்கிறார்கள். இறந்துபோனவருக்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன் நடக்கிறது. பாம்புக்கடிக்கு வைத்தியம் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

நடந்து ராமேசுவரம் போன காலத்தில் ஒரு மனிதருக்கு வழியில் என்னென்ன நேரலாம் என்று யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நெல்லும் பணமும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். காய்ச்சல் காணும், பேதி காணும், வலி எடுக்கும், உயிர் போகும். இவை எதுவும் ஊர் போய்ச் சேரும்வரை காத்திருப்பதில்லை. கம்பெனியை இணங்கவைக்க எழுதியவர் குறைகளைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஓர் ஆட்சியாளர் இன்னொரு ஆட்சியாளரிடம் தன் பெருமையாக எதைக் காட்டுகிறார் என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. நாட்டின் நிர்வாகம் கையை விட்டுப் போன பிறகு, பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதம் இடம் கொடுக்கும் உரிமையை அவர் கேட்டு வாங்கப் பார்க்கிறார். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரமும் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும் இன்னும் நிற்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. அவற்றைக் கடந்து பேருந்தில் போகிறவர்களுக்கு அவை பழைய கட்டடங்கள். அந்தச் சுவர்களுக்குள் எத்தனை பிரசவம் நடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சத்திரம் கேட்ட கேள்வியும் அதே கடிதத்தில் தெரிகிறது. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசி என்ற ஏற்பாடு யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்ற கணக்கிலிருந்து வந்தது. எல்லோருக்கும் சோறு உண்டு. எங்கே உட்கார்ந்து, எந்தப் பந்தியில், யாருக்குப் பிறகு என்பது பிறப்பைப் பொறுத்தது. அரசர் கட்டிய சத்திரத்தில் இப்படியென்றால், தனியார் கட்டியவற்றில் வாசலே சிலருக்குத்தான் திறந்தது. ஈ.வெ.ராமசாமி 1904இல் வீட்டை விட்டுக் காசிக்குப் போனபோது, பிராமணர்களுக்கு மட்டும் சாப்பாடு போட்ட சத்திரத்துக்குள் பூணூல் போட்டுக்கொண்டு நுழையப் பார்த்தார். மீசை காட்டிக்கொடுத்தது, பிடித்து வெளியே தள்ளினார்கள். எறிந்த எச்சில் இலைகளில் இருந்ததை எடுத்துத் தின்று பசியாறினார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் பிராமணர் அல்லாத ஒரு தென்னாட்டு வணிகர் என்பதை அங்கேதான் கவனித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பேசியதற்கும் போராடியதற்கும் விதை ஒரு தங்குமிடத்தின் வாசலில் விழுந்திருக்கிறது. தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் பிராமணருக்கென்று தனியாக இருந்த சாப்பாட்டுக்கூடப் பிரிவினை 1941இல் நீங்கியதற்கும் அவர் நடத்திய கிளர்ச்சி காரணம்.

இதைவிடக் கொடியது அம்பேத்கர் எழுதிவைத்திருப்பது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர 1917இல் அங்கே போய் இறங்குகிறார். இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்று தெரியும். பார்சிகளின் விடுதி ஒன்றுக்குப் போகிறார். பார்சி அல்லாதவரைத் தங்கவைக்கக் கூடாது என்கிறார் பொறுப்பாளர். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகை. வேறு யாரும் தங்காத இருண்ட மாடி அது. இரவில் வௌவால்கள். படிக்க நினைத்தால் விளக்கு போதாது. பதினோராம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், கையில் தடிகளோடு ஒரு டஜன் பார்சிகள் மாடியேறி வருகிறார்கள். யார் நீ என்று கேட்கிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். நண்பர்கள் இருவரிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். பின்னாளில் அவர் தலைமையேற்ற வரைவுக் குழுவின் கையிலிருந்து வந்த அரசமைப்புச் சட்டத்தில், மதம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனுக்கும் கடைகளிலும் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் நுழைவு மறுக்கப்படக் கூடாது என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தின் மொழி எப்போதும் வறண்டதாக இருக்கும். அதன் பின்னால் ஒரு மனிதர் பரோடா பூங்காவில் போக்கிடமின்றி உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்துவிட்டால் அதை அப்படிப் படிக்க முடிவதில்லை.

அரசு பங்களாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முசாபரி பங்களா, டி.பி., பயணியர் மாளிகை, ஆய்வு மாளிகை, சுற்றுலா மாளிகை என்று பெயர்கள் பல. கேள்வி ஒன்றுதான்: எந்த டிபார்ட்மென்ட், என்ன பதவி? மரங்கள் சூழ்ந்த நல்ல மேட்டு நிலத்தில், ஊருக்குச் சற்று எட்டி, உயரமான கூரையும் அகலமான தாழ்வாரமுமாக அவற்றைக் கட்டினார்கள். அணைக்கட்டுப் பக்கத்துப் பொதுப்பணித்துறை பங்களாக்கள் இருக்கும் இடங்களைப் போல அழகான இடங்கள் வேறு எந்த விடுதிக்கும் கிடைத்ததில்லை. பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கின்றன.

லாட்ஜுக்கு இலக்கியத்தில் நல்ல பெயர் இல்லை. சினிமாவில் அதைவிட மோசம். கொலையும் தற்கொலையும் கள்ள உறவும் நடக்கும் இடமாகவே அது வந்துபோகிறது. அதன் பக்கம் நின்று கொஞ்சம் பேச எனக்கு ஆசை. பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் கீழே ஓட்டலும் மருந்துக்கடையும் இருக்க, பக்கவாட்டில் செங்குத்தான மாடிப்படி. ஏறினால் ஒரு மேசை, சுவரில் ஊதுவத்தி வைத்த சாமி படம், எண் போட்ட ஆணிகளில் சாவிகள், நீளமான லெட்ஜர். பெயர், விலாசம், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரணம், கையெழுத்து. காரணத்துக்கான கட்டத்தில் எல்லோரும் 'சொந்த வேலை' என்று எழுதுவார்கள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, பையனைக் கூப்பிட்டு, "சாருக்கு இருநூத்தி மூணைத் தொறந்து விடுடா" என்பார் மேனேஜர். அவ்வளவுதான். மெடிக்கல் ரெப், வாய்தாவுக்கு வந்தவர், பருத்தி விதை வியாபாரி, பரீட்சை எழுத வந்த பையனும் அவன் அப்பாவும், நிச்சயதார்த்தத்துக்கு வந்த குடும்பம் எல்லோரும் ஒரே தாழ்வாரத்தில் துண்டும் பற்பசையுமாகக் காலையில் எதிர்ப்படுவார்கள்.

ஒரு சின்ன ஊரில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அந்த ஊர்களில் வளர்ந்தவர்களால்தான் உணர முடியும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் "தம்பி எந்த ஊரு? யார் வீடு?" என்று ஆரம்பித்து, தெருப் பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் கறி சாப்பிடுவீர்களா என்ற கேள்வி இன்றும் வருகிறது. அதே ஊரில், அதே தெருவில், மாடிக்கு ஏறினால் பணத்தைத் தவிர எதுவும் கேட்காத ஒரு மேசை இருந்தது. காசு வாங்கிக்கொண்டு சாதியை விட்டுவிட்டது சிறிய காரியமில்லை. சென்னையில் கிருஷ்ண ராவ் 1938இல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கியது ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமாக இருந்த பங்களாவில். ராஜாவின் விருந்தாளியாக இருந்தாலொழிய உள்ளே கால்வைக்க முடியாத கட்டடத்துக்குள் அறை வாடகை தரக்கூடிய யாரும் போகலாம் என்று ஆனது. அன்பாலோ கொள்கையாலோ வந்த சமத்துவம் இல்லை இது, வியாபாரத்தால் வந்தது. சாதியால் அவமானப்பட்டு வளர்ந்த ஒருவருக்கு அது எதனால் வந்தது என்பது இரண்டாம்பட்சம்.

லாட்ஜின் இன்னொரு நல்ல வழக்கம் இருபத்துநான்கு மணிநேரக் கணக்கு. விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி வருகிறவருக்கு மூன்றிலிருந்து மறுநாள் மூன்று வரை ஒரு நாள். பெரிய ஓட்டல்களில் நண்பகல் பன்னிரண்டுக்கு நாள் முடிந்துவிடும். மூன்று மணிக்கு வந்தவர் ஒன்பது மணிநேரத்துக்கு முழு நாள் வாடகை கொடுக்க வேண்டும். முன்னது பேருந்தில் வருகிறவரின் நேரத்தை மதிக்கிறது, பின்னது துப்புரவுப் பணிக்கான அட்டவணையை. அண்மைக் காலமாகச் சின்ன லாட்ஜ்களும் பன்னிரண்டு மணிக் கணக்குக்கு மாறிவருவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ஆனால் சத்திரம் ஏற்றுக்கொண்ட எல்லாவற்றையும் லாட்ஜ் கை கழுவிவிட்டது. அங்கே ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மேனேஜருக்குக் கவலை வருகிறது, இரக்கம் பிறகுதான். போலீஸ் வரும், அறையைப் பூட்டி சீல் வைப்பார்கள், நாலு நாள் வியாபாரம் போகும் என்ற பயம் நியாயமானதும்கூட. கையில் பை இல்லாமல் தனியாக வரும் ஆணுக்குப் பல ஊர்களில் அறை கிடைக்காது. தற்கொலைக்கு வந்தவரோ என்ற சந்தேகம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒருவர் வந்திருந்தால் அவரிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். "தனி ஆளுக்கு ரூம் இல்லைங்க" என்பது அவரை மறுபடி தெருவில் விடுகிறது. ஆனால் உட்கார்ந்து பேசுவதற்கான ஆள் அந்த மேசையில் இல்லை, அதற்கான மானியத்தை யாரும் எழுதிவைக்கவும் இல்லை.

தனியாக வரும் பெண்ணின் நிலை இன்னொரு மாதிரி. தென் மாவட்டத்துக் கோயிலூர் ஒன்றில், இரவு பத்து மணிக்கு மேல், அடையாள அட்டையையும் பணத்தையும் மேசையில் வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். மேனேஜர் இரண்டையும் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தபடி, "கூட வந்தவங்க கீழ நிக்கிறாங்களாம்மா?" என்றார். யாரும் வரவில்லை என்றதும் குரல் தாழ்ந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, முதலாளி தனி லேடீஸுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காரு. ஃபேமிலியா வந்தா பிரச்சினையில்ல." ஆண்களிடம் லாட்ஜ் கேட்பதை நிறுத்திய கேள்வியை, யார் வீட்டைச் சேர்ந்தவர் என்பதை, பெண்ணிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஜோடிகளிடமும் அப்படித்தான். கோவையில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் இருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட்டைப் பூட்டினார்கள். திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அறையை முன்பதிவு செய்து தரும் ஓயோ நிறுவனம் 2025 ஜனவரியில் மீரட்டில் தொடங்கி, உறவுக்குச் சான்று காட்டாத ஜோடிகளை மறுக்கும் உரிமையை விடுதிக்காரர்களுக்கு வழங்கியது. சட்டம் விட்டுவிட்ட கேள்வியை மேசை மறுபடி எடுத்துக்கொள்கிறது.

சத்திரமா லாட்ஜா என்று அரசாங்கமே தடுமாறிய ஒரு தருணம் உண்டு. நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அதுவரை இருந்த விலக்கு நீங்கி, 2022 ஜூலை 18 முதல் 12 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அமிர்தசரஸ் பொற்கோயிலை ஒட்டிய சராய்கள் சில அந்த வரியைக் கட்டத் தொடங்கியதும் எதிர்ப்பு கிளம்பியது. வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில் அறநிலையங்கள் நடத்தும் அறைகளுக்கு, வாடகை ஆயிரத்துக்குக் கீழ் இருந்தால், விலக்கு தொடர்கிறது என்றும் வளாகம் என்பதை மதிலுக்கு வெளியேயும் விரித்துப் பொருள்கொள்ளலாம் என்றும் மத்திய அரசு விளக்கம் தந்தது. சரியான முடிவுதான். ஆனால் யாத்திரை போகிறவர் மட்டும்தானா ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் அறை தேடி அலைகிறவர்? சிறு வாடகை லாட்ஜில் தங்குகிறவர்களில் பலர் நோயாளிகள் அல்லது நோயாளியுடன் வந்தவர்கள். அவர்களுக்குக் கோயில் வளாகம் கிடையாது.

வேலூருக்குப் போனால் அது கண்ணுக்குத் தெரியும். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில், காந்தி ரோட்டில், லாட்ஜ் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கின்றன. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று கிழக்கிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறவர்கள் ஒரு நாள் இரண்டு நாளுக்கு வருவதில்லை. பரிசோதனை, அறிக்கை, அறுவைச் சிகிச்சை, தையல் பிரிப்பது, மறுபடி டாக்டரைப் பார்ப்பது என்று வாரக்கணக்காகிவிடும். அதனால் அங்குள்ள லாட்ஜ்கள் தமிழ்நாட்டின் மற்ற ஊர் லாட்ஜ்கள் பொதுவாகச் செய்யாத ஒன்றைச் செய்தன: அறைக்குள் சமைக்கவிட்டன. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். தெருவில் கடுகெண்ணெய் விற்கிறார்கள், ஆற்றுமீன் விற்கிறார்கள். நோயாளிக்குத் தன் ஊர்ச் சோறும் மீன்குழம்பும்தான் உள்ளே இறங்கும் என்பதை வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் அவர்களைப் பற்றி அரசுக்குப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையும் அங்கே பழகிவிட்டது. அழுக்கான சுவர்களும் இருட்டுத் தாழ்வாரங்களும் உண்டு, வாடகையில் ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஆனாலும் அங்கே மேசையில் கேட்கப்படும் முதல் கேள்வி "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்பது. தாங்கிப் பிடித்துக் கூட்டிவரும் ஆளைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்தில் அறை கொடுக்கிறார்கள். சத்திரத்தின் கவலையும் லாட்ஜின் கேளாமையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதை நான் பார்த்தது அங்கேதான்.

வட சென்னையில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஹைதர் அலியின் படையெடுப்பால் பஞ்சம் வந்து மக்கள் சென்னைக்கு ஓடிவந்த 1782இல், அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்துதான் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் வயதானவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். சத்திரத்தின் ஒரு கை நீண்டு மருத்துவமனை ஆனது. படுக்க இடம் தரும் இன்னொரு கை வழியில் எங்கோ விட்டுப்போனது.

சென்னையில் எந்த அரசு மருத்துவமனையிலும் இரவில் போய்ப் பாருங்கள். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில், மரத்தடியில், லிஃப்ட் பக்கத்தில், பாயும் கட்டைப்பையும் பிளாஸ்கும் தலைமாட்டில் வைத்துப் படுத்திருப்பவர்கள் எல்லோரும் பயணிகள். செங்கல்பட்டுக்கு அப்பாலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வந்தவர்கள். சுற்றுலாத் துறையின் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். சில பெரிய மருத்துவமனைகளின் வளாகத்தில் சென்னை மாநகராட்சி இவர்களுக்கென்று காப்பகம் கட்டியிருக்கிறது. பை வைக்க இடம், கழிப்பறை, படுக்கை எல்லாம் உண்டு. நல்ல காரியம், இன்னும் நிறைய வேண்டும். ஆனால் காப்பகம் இருக்கும் இடத்திலும் பலர் தாழ்வாரத்தை விட்டு நகர்வதில்லை. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஒரு அம்மாவிடம் ஏன் அங்கே போய்ப் படுக்கக் கூடாது என்று கேட்டேன். "நைட்ல நர்சம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கம்மா. ரத்தம் வாங்கியாரச் சொல்லுவாங்க, துணி கேப்பாங்க. அங்க போய்ப் படுத்தா காதுல விழுமா?" என்றார்.

காப்பகங்களைத் திட்டமிடுகிறவர்கள் படுக்கைகளை எண்ணுகிறார்கள். அந்த அம்மா தூரத்தை அளந்து வைத்திருக்கிறார். வார்டிலிருந்து கூப்பிட்டால் காதில் விழும் தொலைவில், ஒவ்வொரு தளத்திலும் ஒரு கூடம். ஈரமில்லாத தரை, பூட்டி வைக்க ஒரு பெட்டி, பெண்களுக்குத் தனிக் குளியலறை, பெயரை அறிவிக்க ஒரு ஒலிபெருக்கி. புதிய மருத்துவமனைக் கட்டடங்களுக்கு வரைபடம் போடும்போதே இதற்கும் சதுர அடி ஒதுக்க முடியும். நோயாளியின் பெயரையும் படுக்கை எண்ணையும் கேட்டுக்கொண்டு உள்ளே விட்டால் போதும்.